அப்பா வண்டிக்கு ஒரு கார்ப்பரேட்டர்

பி.காம் படிக்கிறவனுக்கு கார்ப்பரேட்டரைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. போன மாசம் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு :-)

எங்க அப்பாவோடது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-லிருந்து 1996 வரைக்கும் வந்த வண்டி. விடிகாலைல தலைவாசல் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் மூட்டை போறது அதுலதான். திடீர்னு ஐடிலிங் நிக்காம அணைய ஆரம்பிச்சது. ஆத்தூர்ல மெக்கானிக் அண்ணன் கழட்டிப் பார்த்தார். "ஸ்லைடும் பாடியும் தேஞ்சிருக்கு தம்பி. சந்துல காத்து இழுக்குது. ரிப்பேர் கிட் போட்டும் நிக்காது, முழுசா மாத்திரு."

ஒரிஜினல் 20 மி.மீ. மிக்குனி. நண்பன் 28 போடச் சொன்னான், "பறக்கும் மச்சி!" அண்ணன் சிரிச்சார். வாய் பெருசானா மெதுவாப் போறப்ப காத்து வேகம் குறையும், பெட்ரோல் சரியா ஏறாது, மூட்டையோட கிளம்பறப்ப திணறும். ஜெட் சின்னதா அமைஞ்சா பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடேறி பிஸ்டனே பிடிச்சுக்கும்.

அப்புறம் டூப்ளிகேட். ஒரிஜினல்ல பாதி விலை. கையில இருந்ததோ என் பரீட்சை ஃபீஸ் காசு. சபலம் வராதா?

காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸ் அப்பதான் உதவுச்சு. விலை வேற, அடக்கம் வேற. வண்டி ஒரு நாள் வழியில நின்னா அன்னிக்குக் காய் மொத்தமும் நஷ்டம். ஒரிஜினல் 20-ஐயே வாங்கினேன்.

ஃபீஸை ஃபைனோட கட்டினேன். மறுநாள் காலைல ஒரே உதைல ஸ்டார்ட். "பழைய சத்தம் வந்துருச்சு கண்ணு"ன்னார் அப்பா.

அந்த ஃபைன் கணக்கை இன்னும் அவர்கிட்ட சொல்லல.