அலைகரையில் வாழும் நீர்ப்பாம்பு

கிளிநொச்சிக்குத் தெற்கே, கண்டி வீதியிலுள்ள இரணைமடுச் சந்தியிற் கிழக்கே திரும்பிச் சென்றால் நெடிய குளக்கட்டொன்று எதிர்ப்படும். கனகராயன் ஆற்றை மறித்துச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம் அதுவே. மார்கழி மாதத்தில் வான் பாயும் காட்சியைக் காண வருவோர் பலர். அவர்கள் நீர்ப்பரப்பைக் கண்டு வியந்து மீள்வர். காலடியிலுள்ள அலைகரைக் கற்களை நோக்குவோர் அரியர். நாம் கூறப் புகுவது அக்கற்களிடையே வாழும் நீர்ப்பாம்பைப் பற்றியே.

தண்ணீர்ப்பாம்பு என்றும் நீர்க்கோலி என்றும் இதனை வழங்குவர். இரண்டு அல்லது மூன்று அடி நீளமும், மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும், உடலின் முற்பகுதியிற் கரும்புள்ளி வரிசைகளும் உடையது. கண்ணின் கீழும் பின்னும் சாய்வாக ஓடும் இரு கருங்கோடுகள் இதற்குச் சிறந்த அடையாளம். நாசித்துவாரங்கள் சற்றே மேல்நோக்கி அமைந்திருத்தலால், உடலை நீருள் மறைத்து மூக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டி இது மூச்சு விடும். 1799இல் சினைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்தியாவிலுள்ள இதன் உறவினத்துக்கு இலத்தீனில் ‘மீன்பிடிப்பவன்’ எனப் பொருள்படப் பெயரிட்டார். இலங்கைக்கே உரிய இனத்தை 1891இல் பூலஞ்சர் வேறு பிரித்து, ‘மிகச் சொரசொரப்பானது’ என்று பெயர் சூட்டினார். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓடும் மேடு அப்பெயருக்குப் பொருத்தமாகவே உள்ளது.

மீனும் தவளையும் தலைப்பிரட்டையுமே இதன் உணவு. காலபோக வயல்களில் நீர் நிற்குங்கால் வாய்க்கால் வழியே வயலுக்குள்ளும் புகும். பெண் பாம்பு ஆணினும் பெரியது. கரையோர வளைகளிற் பல பத்து முட்டைகளை ஒருங்கே இடும்.

நாகம் தன் நஞ்சை உணர்ந்து ஒளிந்து வாழும், நீர்ப்பாம்போ அஞ்சாது வெளியே கிடக்கும் என ஔவையார் மூதுரையிற் கூறியது மாணவர் அறிந்ததே. வெளியே கிடப்பது உண்மை. வெயில் காய்வதில் இதற்கு விருப்பம் மிகுதி. அஞ்சாமை என்பதைத்தான் நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை. ஆளரவம் கேட்டதும் நீரில் வழுக்கி மறைவதே இதன் வழக்கம். ஓட வழியில்லாதபோது மட்டும் தலையை நிமிர்த்திக் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும். இதனைக் கண்டே சிங்கள மக்கள் ‘தியநயா’, அதாவது நீர்நாகம், என்று பெயரிட்டனர் போலும். அந்த நடிப்பே இதற்கு யமனாகிவிடுகிறது. பகைவரை மருட்ட எடுத்த வேடத்தை மனிதர் மெய்யென்று நம்பித் தடியெடுக்கின்றனர்.

மாணவர் சிலருடன் நாம் குளக்கட்டில் நடந்த ஒரு காலை வேளையில் இதுவே நிகழவிருந்தது. கற்களிடையே ஒன்று படம் எடுப்பதுபோல் எழவே, “நாகம்!” என்று கூவி ஒரு மாணவன் கல்லைத் தூக்கினான். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “தம்பி, எறியாதையும். அது தண்ணிப்பாம்பு. தன்ரபாட்டில போகட்டும்” என்றார். அவன் கை தாழ்ந்தது. பாம்பும் நீருட் பாய்ந்தது. “மீனைத் தின்னுமே, ஐயா, உங்களுக்கு நட்டமில்லையா?” என்று கேட்டோம். “குளத்து மீன் எல்லாம் எனக்கெண்டே எழுதிக் கிடக்கு?” என்று அவர் சிரித்தார். எனினும் நைலோன் வலையிற் சிக்கி மூச்சடைத்துச் சாகும் பாம்புகள் பல என்றும், உயிருடன் அகப்பட்டதை விடுவிக்கப் போனாற் கடியாது விடாது என்றும் கூறித் தம் விரலிலிருந்த தழும்பைக் காட்டினார்.

கடி உண்டு, குருதியும் நன்றாக வழியும், ஆனால் மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. நீர்க்கோலி கடித்தாலும் இராப்போசனம் கெடும் என்று மலையாள நாட்டிற் பழமொழி உண்டு. பாம்பு தீண்டியவர் அன்றிரவு உண்ணலாகாது என்ற பழைய வழக்கத்தால் எழுந்தது அது. உண்பதும் உண்ணாததும் இருக்கட்டும். கடித்தது எதுவென ஐயமிருப்பின் உடனே வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. நாகமும் கண்ணாடி விரியனும் உலவும் நாட்டில், பல் பதிந்த தடத்தைப் பார்த்து நாமே தீர்ப்புக் கூறல் தகாது. நஞ்சுமுறி மருந்தும் சிலருக்கு ஒவ்வாமை விளைவிப்பதாதலின், நஞ்சேறிய அறிகுறி உண்டா என்று மருத்துவர் முதலில் நோக்குவர். பாம்பை அடித்துக் கையோடு கொண்டுசெல்ல வேண்டியதுமில்லை. அம்முயற்சியில் இரண்டாம் கடி வாங்குவோரும் உண்டு.

மாணவர்க்கு இன்னொரு செய்தி. வாலைப் பற்றினால் இப்பாம்பு உடலை முறுக்கிச் சுழன்று வால்நுனியை அறுத்துக்கொண்டு தப்பவல்லது. பல்லிக்கு அறுந்த வால் மீண்டும் முளைக்கும், இதற்கு முளையாது. அலைகரையில் வால் குறுகிய நீர்ப்பாம்பொன்றைக் காணின், நாரையிடமோ கீரியிடமோ, அல்லது சிறுவர் கையிலோ, முன்னொருநாள் அகப்பட்டு மீண்டதாயிருக்கலாம்.