கண்ணுக்குள் ஒட்டடை

9.7.2025, புதன்
"வீட்டுல ஒட்டடையே அடிக்க மாட்டியா?" என்றாள் அம்மா. கூரை சுத்தமாகத்தான் இருந்தது. வலது கண் போகும் பக்கமெல்லாம் அவளுக்குக் கறுப்பு நூல் மிதக்கிறது. மதியத்துக்குள் புகைமூட்டம். புரை எடுத்து லென்ஸ் வைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "ஆபரேஷனைக் கெடுத்துட்டாங்க" என்று சித்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

10.7.2025
திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் ஒரே சிவப்பு. விழித்திரை தெரியாததால், மூடிய இமைமேல் ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரை பிரியவில்லையாம், நல்லவேளை. நெடுநாள் சுகரால் அதில் புதிதாக முளைத்த மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழிந்து, விழிக்குள் இருக்கும் கூழில் ரத்தம் கசிந்திருக்கிறது. அடர்ந்த புரை இந்தக் குழாய்களை மறைத்திருந்தது. புரை எடுத்தபின் சிலருக்கு இந்த நோய் வேகமெடுப்பதும் உண்டு என்றார் டாக்டர். சித்தி சொன்னதில் கால்வாசி சரி.

12.7.2025
டீக்கடையில் யுனெஸ்கோ பேச்சுதான். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு நேற்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின; தமிழ்நாட்டில் எங்கள் செஞ்சி மட்டும். அம்மா தலையை உயர்த்தி வைத்துத் தூங்குகிறாள், ரத்தம் கீழே படியட்டும் என்று. காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையின் அடிவாரம் தெரிகிறது, உச்சி இல்லை. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், ரத்தம் கீழே படிந்தால் மேலே இருப்பது மறையும். நடமாடத் தொடங்கினால் மறுபடி எல்லாம் கலங்கிவிடுகிறது.

7.8.2025
ரத்தம் கரையவில்லை. புதுக்குழாய்கள் சுருங்கக் கண்ணுக்குள் ஊசி. திங்களன்று கூழை வெளியே எடுக்கும் விட்ரெக்டமி.

11.8.2025
கண்ணை மட்டும் மரக்கவைத்தார்கள். வெள்ளை விழியில் மூன்று துளைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்றில் உப்புநீர் உள்ளே போகும்; ஒன்றில் விளக்கு; ஒன்றில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி உறிஞ்சும் கருவி. ரத்தம் கலந்த கூழை எடுத்துவிட்டு விழித்திரையில் லேசர் போட்டார்கள். ராபர்ட் மாக்கமர் மயாமியில் 1970-ல் தொடங்கிவைத்த முறை. அதற்குமுன் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வைத்தியம். "உள்ள லைட்டு போட்டாங்கடா, நிழல் நிழலா ஓடுச்சு" என்றாள் அம்மா, சினிமா பார்த்து வந்தவள் மாதிரி.

12.8.2025
கட்டுப் பிரித்தார்கள். மங்கல்தான், ஆனால் விரல்களைச் சரியாக எண்ணினாள். சுகர் ஏறினால் மறுபடி கசியலாம். இடது கண்ணில் புரையைத் தொடுமுன் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

சித்தி போன் செய்தாள். அவளுக்கும் சுகர்தான். கண்ணைக் காட்டினாயா என்றால், "கண்ணாடிக் கடையில பாத்தாங்களே" என்கிறாள். அடுத்த செக்கப்புக்கு அவளும் வருகிறாள். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கட்டும்.