பின்னால் வருகிறவருக்கான வெளிச்சம்

தை பிறந்ததும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாலைகளின் அகலம் பாதியாகிவிடும். மக்காச்சோள அறுவடை நடக்கும் காலம் அது. களம் போதாத ஊர்களில் தார்ச்சாலையின் ஒரு பக்கமே களமாகிறது. மணிகளைக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் கல் வைத்துவிடுவார்கள். மிச்சமுள்ள பாதியில் பேருந்து, பைக், எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் எல்லாம் போக வேண்டும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சேர்ந்துகொள்ளும். இவற்றோடு, உழவு முடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் மினி டிராக்டரும் ஊர்ந்து போகும்.

அந்தச் சின்ன வண்டிக்கு விளக்கும் ஒளிரும் பட்டையும் பொருத்தித் தருகிறவர்களின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க இரண்டு மாவட்டங்களுக்கும் போயிருந்தேன்.

15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர்கள் இங்கே பெருகியதற்குக் காரணம் பயிர்தான். கரிசல் மண்ணில் பருத்தி, மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே நுழைந்து களையெடுக்கவும், செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காய நிலத்தைப் புழுதியாக்கவும் பெரிய வண்டி தோதுப்படாது. வயலுக்குள் உதவும் அந்தக் குட்டி உருவம் இருட்டில் சாலைக்கு வந்தால் எளிதில் கண்ணில் படுவதில்லை.

நிறுவனம் விற்கும்போதே டிராக்டரில் முன்விளக்கு, பின்விளக்கு, இன்டிகேட்டர் எல்லாம் இருக்கின்றன. பின்னால் ரோட்டவேட்டரையோ ஐந்து கொத்துக் கலப்பையையோ மாட்டித் தூக்கினால் பின்விளக்குகள் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். டிரெய்லரை மாட்டினால் மொத்தமும் மறைந்துவிடும். டிரெய்லர் உள்ளூர்ப் பட்டறையில் இரும்பு வெட்டி, வெல்டிங் வைத்துச் செய்யப்படுவது. டிராக்டர் விற்றவருக்கு டிரெய்லரோடு சம்பந்தமில்லை. பட்டறைக்காரர் வயரிங் தன் வேலையில்லை என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் உட்கார்ந்திருப்பவர் ஆட்டோ எலக்ட்ரீசியன்.

பெரம்பலூரில் நான் பார்த்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கூரைக்கடியில் ஒரு மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட வயர்ச் சுருள்கள். வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "முன்னாடி லைட்டு எரியலன்னா அன்னைக்கே ஓடி வந்துடுவாங்க சார். பின்னாடி எரியலன்னா தெரியவே தெரியாது. வண்டியில முன்ன பாத்துதானே உக்காந்திருக்காங்க."

அன்று வந்திருந்த டிரெய்லரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பல்பை மாற்றினால் போதும் என்று உரிமையாளர் நினைத்திருந்தார். எலக்ட்ரீசியன் பல்பைத் தொடவில்லை. நேராக டிராக்டரையும் டிரெய்லரையும் கோக்கும் கொக்கிக்குப் போனார். அங்கே கிரீஸும் துருவும் அப்பிக் கிடந்தன. விளக்குக்குப் போகும் மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். பலர் அதற்குத் தனி வயர் இழுக்காமல், இரும்பு இரும்பைத் தொடுகிறதே என்று வண்டியின் உடம்பையே எர்த்தாக நம்பி விடுகிறார்கள். குண்டுங்குழியில் கொக்கி ஆடும்போதெல்லாம் தொடர்பு அறுந்து விளக்கு அணையும். அவர் எர்த்துக்கென்று தனி வயர் இழுத்து, ஏழு பின் சாக்கெட்டில் முடித்தார். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மேலே ஸ்லீவ் மாட்டிச் சூடுகாட்ட, அது சுருங்கி வயரை இறுகப் பிடித்தது. கடைசியில் வயர்களை பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, சேஸிஸின் உள்பக்கமாகக் கொண்டுபோனார். சோளத்தட்டை அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு எலிதான் முதல் எதிரி.

எல்.இ.டி. வந்த பிறகு இந்த வேலை எளிதாகியிருக்கிறது. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியர் போகும். பின்னால் பிரேக்குக்கும் இன்டிகேட்டருக்கும் உள்ள பழைய பல்புகள் ஒவ்வொன்றும் 21 வாட். அதே வேலையை எல்.இ.டி. சில வாட்டில் முடித்துவிடும், அதிர்வையும் தாங்கும். ஆனால் பழைய பிளாஷரை அப்படியே விட்டு எல்.இ.டி. மாட்டினால், மின்னோட்டம் குறைந்ததைப் பல்பு போய்விட்டதாக எடுத்துக்கொண்டு அது படபடவென மின்னும். பிளாஷரையும் சேர்த்து மாற்றினால்தான் வேலை முடியும்.

அவர் பிடிவாதமாக மறுக்கும் வேலை ஒன்று உண்டு. இரவு உழவுக்காகப் பின்பக்கம் வெள்ளை விளக்கு வைப்பது வழக்கம். அதைப் பின்விளக்கின் சுவிட்சோடு சேர்த்துவிடச் சொல்வார்கள். சாலையிலும் அது எரிந்தால் பின்னால் வருகிறவரின் கண் கூசி, சிவப்பு விளக்கு மங்கிப்போகும். அது மட்டுமல்ல, எதிரே வெள்ளை விளக்கைக் கண்டவர் வண்டி தன்னை நோக்கி வருவதாகவே நினைப்பார். தனி சுவிட்ச் வைத்து, சாலை ஏறும் முன் அணைப்பதாகச் சொன்னால்தான் அந்த விளக்கில் கை வைக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருடைய பிடிவாதம் விளங்கும். பெரம்பலூரைத் தொட்டுச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிறது. டிராக்டர் 25-இல் போகிறது. இடைவெளி விநாடிக்கு 21 மீட்டர் வீதம் குறையும். டிம் லைட்டில் 60 மீட்டருக்குள் வந்த பிறகுதான் டிராக்டர் தெரிகிறது என்றால், ஓட்டுநருக்குக் கிடைப்பது 3 விநாடிக்கும் குறைவு. கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அதில் பாதி கரைந்துவிடும். 200 மீட்டரிலேயே தெரிந்தால் 9 விநாடிக்கு மேல் கிடைக்கும். பருத்தி எடுத்துவிட்டு டிரெய்லரில் உட்கார்ந்து வீடு திரும்பும் பெண்களின் உயிர் அந்த ஆறு விநாடி வித்தியாசத்தில் இருக்கிறது.

பேட்டரி செத்துப்போனாலும் வேலை செய்வது ஒளிரும் பட்டை. விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ அதற்குள் இருக்கின்றன. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது முறை. அரியலூரில் ஒரு பெயின்டர் இதை ஒட்டுவதைப் பார்த்தேன். முதலில் துருவைச் சுரண்டினார், தின்னர் தொட்ட துணியால் துடைத்தார், உலர்ந்த பிறகு பட்டையை வைத்து ஓரங்களைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனார். போல்ட் வரும் இடத்தில் பட்டையை வெட்டிவிட்டு ஒட்டினார். மேலேயே ஒட்டினால் அந்த மேட்டில் காற்றும் தண்ணீரும் புகுந்து சீக்கிரம் உரிந்துவிடுமாம். பின்கதவில் மட்டும் ஒட்டினால் கதவு திறந்து தொங்கும்போது பட்டை தெரியாது. கரும்பு ஏற்றினால் தோகை தொங்கி அதை மறைக்கும். அதனால் கீழே குறுக்குச் சட்டத்திலும் ஒரு வரிசை ஒட்டுகிறார்.

"ஒட்டுறது ஒருநாள் வேலை. தொடைக்கிறதுதான் தெனம் உள்ள வேலை" என்றார். சுண்ணாம்புக்கல் போகும் சாலையில் வெள்ளைத் தூசி எல்லாவற்றின்மேலும் படியும். மழைக்காலமானால் டயர் வாரியடிக்கும் கரிசல் சேறு. தூசியும் சேறும் மூடிய பட்டை வெறும் தகரம்தான். பட்டை ஒட்ட வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பழந்துணியைக் கொடுத்து சீட்டுக்கடியில் வைக்கச் சொல்கிறார்.

மெதுவாகப் போகும் வண்டிக்கென்றே ஓர் அடையாளமும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக வேளாண் பொறியாளர் கென் ஹார்க்னஸ் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முக்கோணம் அது. நடுவிலுள்ள ஆரஞ்சு நிறம் பகலில் பளிச்சிடும், சுற்றிலுமுள்ள சிவப்பு விளிம்பு இரவில் ஒளியைத் திருப்பும். அங்கே டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் கார் ஓட்டுகிறவருக்கும் அதன் பொருள் தெரியும். நம் சாலையில் டிராக்டரின் பின்னால் அதைக் காண்பது அரிது.

பெரம்பலூர்க்காரர் வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவதில்லை. இருட்டும்வரை உரிமையாளரை இருக்கச் சொல்கிறார். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு தூரமாகப் போய்த் திரும்பி வருகிறார். தன் வண்டி அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவர் ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். அன்று வந்த விவசாயி, "அடேயப்பா, இம்புட்டுத் தூரத்துலேயே தெரியுதே. வீட்டுல இருக்குற கலப்பைக்கும் பட்டை ஒட்டிடலாம்ணே" என்றார்.

சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆன பிறகு சாலையில் ஓடும் வண்டிக்கு விளக்கு எரிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லேயே சொல்லிவிட்டன. கரும்பு அரவைக் காலத்தில் காவலர்கள் டிராக்டர்களை நிறுத்திப் பட்டை ஒட்டிவிடுவதும் நடக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் போதாது. வேளாண் பொறியியல் துறை மினி டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் மானியம் தருகிறது. அந்த மானியப் பட்டியலிலேயே பின்விளக்கும் பட்டையும் முக்கோணமும் சேர வேண்டும். ஏழு பின் சாக்கெட் இல்லாத டிரெய்லர் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது. வாடகைக்கு வண்டி விடுகிறவர் டீசல் பார்க்கும்போதே பின்னால் போய் விளக்கையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு சில மணி நேர உழவு வாடகைக்குள் அடங்கிவிடும். வேலை தெரிந்த கைகள் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. வண்டி வைத்திருக்கிறவர்கள் விபத்துக்கு முன்பே அவர்களைத் தேடிப் போக வேண்டும்.