கண்ணில் விழும் பூ

கருவிழியில் புண் வந்து ஆறிய இடத்தில் நிற்கும் வெண்தழும்பைக் கம்பம் பள்ளத்தாக்கில் 'பூ' என்பார்கள். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்றால் பார்வை போயிற்று என்று பொருள். மங்கல வழக்கு என்று வகுப்பில் இதை எளிதாக நடத்திவிடுகிறோம். நம் தாய்மாமனின் இடக்கண்ணில் அந்தப் பூ விழுந்தது 1989-இல். நமக்கு அப்போது ஒன்பது வயது.

அதை இப்போது நினைக்க வைத்தவர் சின்னமனூரிலிருந்து வரும் முதுகலை மாணவி ஒருவர். ஒரு வாரம் வராதிருந்து, கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். "ரெண்டு நாள் லென்ஸைக் கழட்டாமத் தூங்கிட்டேன் ஐயா" என்றார். நல்லவேளையாக, கண் சிவந்த அன்றே மருத்துவரிடம் போயிருக்கிறார். புண் சிறியது, ஆறிவிட்டது. வெள்ளித் துகள் பூசிய லென்ஸ் வரப்போவதாக எங்கோ படித்தாராம். அது வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது? ஆனாலும் விடுமுறையில் தேடிப் படித்தோம்.

காண்டாக்ட் லென்ஸில் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் இருப்பவற்றைக் கழுவு திரவமும் மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. லென்ஸ் அணிவோரிடம் அதிகம் அட்டூழியம் செய்வது சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவில் சில பத்துகளே இருக்கும் வெள்ளித் துகள்களை லென்ஸின் மேல் பதித்தால், அவற்றிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள் நுண்ணுயிரின் உறையைச் சிதைக்கும். சிக்கல் என்னவென்றால், அளவு மிஞ்சினால் அதே வெள்ளி கருவிழியின் மேல்தோலையும் பதம் பார்க்கும். லென்ஸ் மங்கவும் கூடாது, பிராணவாயுவைத் தடுக்கவும் கூடாது. வெள்ளி சேர்த்த லென்ஸ் டப்பாக்கள் முன்பே கடைக்கு வந்தன. லென்ஸின் கதை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் வேறொரு பூச்சை மனிதர்களுக்கு அணிவித்தே பார்த்தார்கள். முடிவு 2021-இல் வெளியானது. அந்தப் புரதத் துணுக்கின் மூலம், தேனீயின் நஞ்சையும் சால்மன் மீனின் விந்திலுள்ள புரதத்தையும் இணைத்துச் செய்தது! லென்ஸால் வரும் அழற்சிகள் அதில் குறைந்தனவாம்.

படித்துக்கொண்டே போகையில் ஒரு பெயரில் நின்றுவிட்டோம். 2005, 2006 ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா எனப் பல இடங்களில் லென்ஸ் அணிந்தவர்களின் கண்ணில் காளான் புண் பரவியது. அமெரிக்காவில் மட்டும் உறுதியானவை 164. ஒரு குறிப்பிட்ட கழுவு திரவத்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டு, 2006-இல் அத்திரவம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் காளான் ஃபியூசேரியம். மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. நம் வயல்களுக்குப் பழைய சொந்தம். 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, காளான்களில் முதலிடம் அதற்குத்தான். மூவரில் இருவருக்குப் புண்ணின் தொடக்கம் ஒரு சிறு காயம். அன்றைய மதுரை மாவட்டத்தில் (தேனி அப்போது பிரியவில்லை) ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக 1993-இன் கணக்கு ஒன்று சொல்கிறது.

மாமாவுக்குக் களத்தில் கதிரடிக்கும்போது நெல் சுணை பட்டது. பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து. சிவப்பு குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். அது ஸ்டீராய்டு என்பதும், காளானுக்கு அது கொண்டாட்டம் என்பதும் யாருக்குத் தெரியும்? தேனியில் அரவிந்த் மருத்துவமனை 1985-லேயே வந்துவிட்டிருந்தது. மாமா பேருந்து ஏறியது பன்னிரண்டாம் நாள்.

நேபாளத்தின் பக்தபூரில் 1991 முதல் இரண்டாண்டு ஒரு முயற்சி நடந்தது. கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராம ஊழியர்களே குளோராம்பெனிகால் களிம்பை மூன்று நாள் இட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் அதைச் செய்து பார்த்து 2006-இல் எழுதினார்கள்: காளான் மருந்து சேர்க்காமல் அந்தக் களிம்பு மட்டுமே காளான் புண்ணையும் தடுப்பதாகத் தெரிகிறது என்று. இதைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

லென்ஸோடு தூங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், பூச்சு வரும்போது வரட்டும் என்று மாணவியிடம் சொன்னோம். மாமாவிடமும் வெள்ளிப் பூச்சைப் பற்றிச் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, "அதை நெல்லுத் தாளுக்குப் பூச முடியாதா மருமகனே?" என்றார்.

வேலை நேரத்துக்கென்று அவருக்கு ஒரு காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வியர்வையில் மங்கிவிடுகிறதாம். சென்ற ஞாயிறு போனபோது அது திராட்சைப் பந்தல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அண்ணாந்து கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.