வெளிமுற்றத்தில் ஆசிரியையின் வேலை

மழலையர் மையத்தில் ஒரு குழந்தைக்குக் குறைந்தது 7 சதுர மீட்டர் வெளியிடம் வேண்டும் என்கின்றன ஆஸ்திரேலியாவின் தேசிய விதிகள். நிழலும் இயற்கையோடு பழகும் வாய்ப்பும் இருக்க வேண்டும். மெல்பர்னின் மேற்கே, பொயிண்ட் குக் போன்ற புதுக் குடியிருப்புகளில் இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் செயற்கைப் புல்லும் ரப்பர் தரையும்தான். நட்ட மரங்கள் நிழல் தரும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. சுற்றிலும் இருப்பதோ எரிமலைப் பாறைச் சமவெளி. கோடையில் வெடித்து, மழையில் காலைப் பிடிக்கும் களிமண். அதில் ஒரு குவியலும் ஒரு வாளித் தண்ணீரும் நாலைந்து பழைய பாத்திரங்களும் முற்றத்துக்குள் வந்தால் போதும், கூட்டாஞ்சோறு தானாகத் தொடங்கிவிடும். இஷ்டப்படி நகர்த்தி மாற்றக்கூடிய பொருள்கள்தான் கற்பனையைத் தூண்டுகின்றன என்று பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதினார். விலை உயர்ந்த ஏறுசட்டத்தைவிடப் பலகைக்கும் பால் கிரேட்டுக்கும் வேலை அதிகம்.

பொருள் சேர்ப்பது எளிது. கடினமானது ஆசிரியையின் பழக்கம் மாறுவது. புதிதாக வந்தவர் வேலியோரம் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். கிண்டர் (பள்ளிக்கு முந்தைய) வயதில் 11 குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி என்பதால் எண்ணுவதிலும் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் வெளிமுற்றம் வெறும் இடைவேளையாகிவிடும். ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டிய கல்வித் தலைவர், எண்ணுவதைத் தாண்டி என்ன செய்வது என்பதை வகுப்பறையில் விளக்குவதைவிட முற்றத்தில் பக்கத்தில் நின்று செய்துகாட்டுவதே பலிக்கும். இரண்டு டயர்களுக்கு இடையே போட்ட பலகையில் நான்கு வயதுக் குழந்தை ஏறுகிறது. "பார்த்து, விழுந்துடுவ!" என்று வாய் தானாகவே சொல்லிவிடும். அதற்குப் பதிலாக "அடுத்த காலை எங்க வைக்கப் போற?" என்று கேட்டுவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் பேசாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கப் பழகத்தான் மாதங்கள் ஆகும். குறிப்பேட்டிலும் 'பலகையில் விளையாடினான்' என்று முடிக்காமல், எங்கே தயங்கினான், எதைப் பிடித்தான் என்று எழுதினால் மறுநாள் பலகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பது தெரியும்.

சேறு படிந்த சட்டையைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். முன்கூட்டியே பேசி, மாற்றுடையும் ரப்பர் பூட்ஸும் கொண்டுவரச் சொல்லிவிட்டால் ஆசிரியைக்குப் பாதிப் பயம் போய்விடும். புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டால் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் வேண்டும். மெல்பர்னில் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய இதே கதைதான்.

முற்றம் பழகியபின் வேலிக்கு வெளியே போகலாம். பொயிண்ட் குக் கடலோரப் பூங்காவும், முன்பு உப்பளமாக இருந்த சீத்தம் ஈரநிலங்களும் அருகிலேயே உள்ளன. ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போவதானால், ஆபத்து மதிப்பீட்டையும் பெற்றோர் அனுமதியையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும்.