மீன்வாலுக்கு ஒரு காலர்

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் பேய் வேஷம் என்று எங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஏழு வயது மகள் கடற்கன்னியாகப் போவதென்று முடிவெடுத்திருந்தாள். அதுவும் கடையில் வாங்கிய வால் வேண்டாமாம், சித்தி தைத்த வால்தான் வேண்டுமாம்.

"நல்ல நாள் அதுவுமா வாலை மாட்டிக்கிட்டு வீடு வீடா மிட்டாய் கேக்கப் போறாளாம். பட்டுப் பாவாடை வாங்கி வெச்சிருக்கேனே, அது என்னாவுறது?"

அக்காவின் கோபம் எனக்குப் புரிந்தது. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஹாலோவீன் தொலைக்காட்சிக்குள் மட்டும்தான் நடந்தது. இங்கே பேய்க்கு ஒன்றும் பஞ்சமில்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே தகர டின்னில் காகிதப் பணம் எரியும். கெத்தாய் மேடைக்கு எதிரே முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள், வருகிறவர்கள் உட்காரட்டும் என்று. மலாய்த் தோழிகள் பொந்தியானாக் கதை சொல்லியே எங்களைக் கழிவறைக்குத் தனியாகப் போகவிடாமல் செய்தார்கள். ஆனால் இந்தப் பேய்கள் எதுவும் மிட்டாய் தராது. மிட்டாய் தரும் பேய் வுட்லண்ட்ஸில், அமெரிக்கப் பள்ளியை ஒட்டிய வுட்குரோவ் வட்டாரத்து வீடுகளில்தான் இருந்தது. 2011இல் செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பேய் இரவுகளை நடத்த ஆரம்பித்தது. இப்போது பாலர் பள்ளிப் பிள்ளைகளே பூசணிக்காய் கத்தரிக்கிறார்கள்.

பாப்பாவுக்குப் பேயாக இஷ்டமில்லை. பயப்படாமலும் பயமுறுத்தாமலும் அந்த ஊர்வலத்தில் கலந்துகொள்ள அவள் கண்டுபிடித்த வழிதான் கடற்கன்னி. அவளிடம் வாதமும் தயாராக இருந்தது.

"மெர்லயனுக்கும் மீன்வால்தானே சித்தி? அதை யாரும் பேய்னு சொல்லலியே."

உண்மைதான். சுற்றுப்பயணத் துறைக்காக 1964இல் வரைந்த சின்னம் அது, 1972இல் 8.6 மீட்டர் உயரச் சிலையாகி ஆற்றங்கரைக்கு வந்தது. பாதி மீனை நாட்டுக்கே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் பிள்ளையை மட்டும் எப்படித் தடுப்பது? நான் என் பங்குக்குத் தாய்லாந்து இராமாயணத்தை இழுத்தேன். அதில் இராவணனுக்கு சுவன்னமச்சா என்றொரு மகள் உண்டு. இடுப்புக்குக் கீழே தங்க மீன். பாலம் கட்டவிடாமல் கல்லைப் பிடுங்கிப் போட வந்தவள், அனுமன்மீது காதலாகி ஒரு பிள்ளையும் பெற்றுக்கொள்கிறாள். "அப்ப இது ஒரு வகையில நம்ம வீட்டுப் பொண்ணுதான்" என்றேன். அக்கா முறைத்தாள். காலையில் பட்டுப் பாவாடை, மாலை ஆறு மணிக்கு மேல் வால் என்று ஒருவழியாக உடன்பாடு ஆனது.

அதன்பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பாவாடையைப் போலத் தாராளமான உடை வேறில்லை. நீளமாக ஒரு துணி, இடுப்பில் கொசுவம், அடியில் டக் பிடித்துவிட்டால் பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று தீபாவளி தாங்கும். மீன்வால் கஞ்சம். இடுப்பு, தொடை, முட்டி என்று சுற்றளவு எடுத்து உடம்போடு ஒட்ட வெட்ட வேண்டும். இந்த அக்டோபருக்கு மட்டும்தான் பொருந்தும்.

இன்னொன்று, அவள் நடக்க வேண்டும். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதையில் வாலைக் கொடுத்துக் கால் வாங்கியவளுக்கு ஒவ்வோர் அடியும் கத்திமேல் வைப்பதுபோல வலிக்கும். பாப்பா அந்தக் கதையைப் படித்ததில்லை. டிஸ்னி படம் பார்த்தவள். அதில் அந்தக் கத்தி கிடையாது. என் கவலை நேர்மாறானது. கால் இருப்பவளுக்கு வால் மாட்டி, மாடிக்கு மாடி படியில் இறங்க வைக்க வேண்டும். இணையத்தில் பார்த்த வால்களெல்லாம் கணுக்கால் வரை ஒட்டியவை; சோபாவில் சாய்ந்து படம் எடுக்கத்தான் லாயக்கு. அவளைக் கூடத்தில் நடக்கவிட்டு, படியேறச் சொல்லி, ஓடச் சொல்லி, காலை எவ்வளவு அகட்டுகிறாள் என்று நாடா வைத்து அளந்தேன். முட்டிக்குச் சற்று மேலேயே ஒட்டுவதை நிறுத்திவிட்டு, அங்கிருந்து வட்டமாக வெட்டிய துணியை விரியவிட்டேன். பார்க்க மீன், உள்ளே பாவாடை.

துணி அரபு ஸ்திரீட்டில் கிடைத்தது. மயில்கழுத்து நிறத்தில் செதில் அச்சடித்த ஸ்பான்டெக்ஸ், இரண்டு மீட்டர். பக்கத்திலேயே சமிக்கி வைத்த துணி மின்னிக்கொண்டிருந்தது. பாப்பா அதன்மேல் கையை வைத்து எடுக்கவே இல்லை. ஆனால் சமிக்கி ஊசியை முறித்துவிடும். தையல் போகும் பாதையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டும். உள்ளே உடம்பும் அரிக்கும். பேரம் பேசி, தலையில் வைக்க ஒரு சமிக்கி நட்சத்திரம் வாங்கிக் கொடுத்துக் கிளப்பினேன்.

என் மெஷின் 2020இல், எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது முகக்கவசம் தைக்க வாங்கியது. இழுபடும் துணிக்கு முனை மழுங்கிய ஊசி வேண்டும், இல்லாவிட்டால் துணியில் ஓட்டை விழும். தையலும் நேராகப் போகக் கூடாது, பிள்ளை உட்கார்ந்தால் பட்டென்று அறுந்துவிடும். வளைந்து வளைந்து போனால் துணியோடு சேர்ந்து நூலும் இழுபடும். செதில் எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். இரண்டு மாலைகளில் வால் முடிந்தது. துடுப்புதான் மிச்சம்.

துடுப்பு நிற்கவில்லை. துணியை இரண்டாக மடித்துத் தைத்தாலும் நனைந்த வாழையிலைபோலத் துவண்டது. அம்மா சோபாவில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணும் வெக்கலம்மா."

"எலும்பு இல்லாம மீன் நிக்குமா? பக்ரம் இருக்கா வீட்டுல?"

இருந்தது. அம்மா எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் இது சாதாரணக் காட்சி அல்ல. நாங்கள் வளர்ந்த வீட்டில் தையல் மெஷினே கிடையாது. பள்ளித் தோழிகளின் அம்மாக்கள் தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்த பாவாடைகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால், "வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தமா?" என்பார். எங்கள் இருவருக்கும் தேக்காவில் வாங்கியதுதான்.

பழைய தலையணை உறையைக் கிழித்து, பக்ரமை அதன்மேல் வைத்து இஸ்திரி போட்டார். ஸ்பான்டெக்ஸ்மீது நேராகச் சூடு படக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்றையும் அடுக்கித் தைக்கத் தொடங்கினார். துடுப்பின் நுனி வந்ததும் மெஷின் நின்றது. ஊசியைத் துணியில் இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கி, துணியைப் பாதி திருப்பி, குறுக்கே ஒரே ஒரு தையல். பிறகு மீதியைத் திருப்பிக்கொண்டு போனார். மூலையில் ஒரு நூலைக் கொடுத்து, வெளிப்பக்கம் திருப்பும்போது அதைப் பிடித்து இழுத்தார். ஈட்டிமுனைபோல நுனி வெளியே வந்தது.

"நேரா திரும்புனா முனை மொத்தையா வரும். காலருக்கு இப்படித்தான்."

அம்மா ஃபேக்டரியில் வேலை பார்த்தார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1973இல், 17 வயதில், காலாங் பக்கத்து அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் சேர்ந்து 16 வருடம். அங்கே என்ன செய்தார் என்பது அன்றுதான் பேச்சில் வந்தது. சட்டை தைத்தீர்களா என்று கேட்டேன்.

"சட்டையா? நான் காலர். கை வேற ஆளு, பொத்தான் வேற ஆளு. முழுச் சட்டை கடைசி மேசையிலதான் இருக்கும். அந்தப் பக்கம் நாங்க ஏன் போறோம்?"

கட்டுக் கட்டாகக் காலர் வருமாம். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. தைத்து முடித்ததும் சீட்டைக் கிழித்து நோட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சம்பளம் அந்தச் சீட்டை எண்ணித்தான். கழிவறைக்குப் போனால் கட்டு குறையும் என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். சட்டைகள் அமெரிக்காவுக்குப் போயின. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அப்போது கோட்டா இருந்தது. கோட்டா முடியும் மாதங்களில் ஓவர்டைமும் இருக்காது என்றார். பிறகு கூலி மலிவான இடம் தேடி அந்த மெஷின்கள் கடல் தாண்டிவிட்டன. நம் ஊர்க் கதைகளில் துறைமுகம் வரும், கப்பல் பட்டறை வரும், ரப்பர்த் தோட்டம் வராமல் போகாது. காலர் தைத்த தமிழ்ப் பெண்கள் நான் படித்தவரை அதிகம் கண்ணில் படவில்லை. அவர்களும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இல்லை. அன்றுகூட அம்மா ஏதோ மளிகைக் கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னார், கண் தையலைவிட்டு எழவில்லை.

இரண்டு துடுப்புக்கும் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பாப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு நுனியையும் விரலால் குத்திப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. 36 வயதில், ஒரு மீன்வாலின்மேல்.

தீபாவளி காலையில் சாமி மேடையில் புதுத்துணிகளை அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அம்மா மஞ்சள் வைத்துக்கொண்டே வந்தார். அப்பாவின் வேட்டி, அக்காவின் சேலை, பட்டுப் பாவாடை. அதற்கடியில் வால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள், "புதுத்துணி புதுத்துணிதான்" என்று அதை உட்புறமாகத் திருப்பி இடுப்புப் பட்டியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

மாலையில் எட்டு மாடி இறங்கினோம். எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும் ஒரு சிலந்தி மனிதனும் கூட வந்தார்கள். சில வீடுகளில் மிட்டாய், எங்கள் மாடியில் முறுக்கு. பாப்பா படிகளில் எங்கேயும் தடுக்கவில்லை. ஐந்தாம் மாடியில் ஓடக்கூடச் செய்தாள். மூன்றாம் மாடி மலாய் மாக்சிக் துடுப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். "பாட்டி," என்றாள் பாப்பா.

அடுத்த வருடத்துக்குள் வால் இறுகிவிட்டது. இரண்டாம் மாடியில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், அவளுக்குக் கொடுத்துவிட்டோம். கொடுப்பதற்கு முன் அம்மா ஒரு துடுப்பின் ஓரம் லேசாகப் பிரிந்திருப்பதைப் பார்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். விளக்கைக் கிட்டே இழுக்கச் சொன்னார்.