காதில் பென்சில்

காலை பதினோரு மணி. கும்பகோணத்துப் பக்கத்து ஓட்டு வீடு. மச்சு ஏணியைப் பெரியவர் பிடித்திருக்கிறார். கொத்தனார் மேலே போய் டார்ச்சை அணைக்கிறார்.

இருட்டு. கண் பழகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இறவாரப் பக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி. சுவரும் கைமரமும் சேரும் இடத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக.

காதிலிருந்து பென்சிலை எடுக்கிறார். புள்ளிகளில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கிறார். போனால் சாக்பீஸ் வட்டம். பென்சில் போகும் சந்து சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்கு அரை அங்குலம் வேண்டும்.

"எத்தனை?" கீழிருந்து பெரியவர்.

"இன்னும் முடியலைங்க ஐயா."

விட்டத்தின் ஓரம் கறுப்பாக ஒரு கோடு. ஒரே தடத்தில் போய்வந்த உடம்புகளின் எண்ணெய்ப் பிசுக்கு. கோடு போய் முடியும் ஓட்டையில் மஞ்சள் நுரை. பொங்கலுக்கு வந்த மகன் டப்பாவிலிருந்து பீய்ச்சியது. நடுவில் வட்டமாக ஒரு சுரங்கம்.

கொலுப் பெட்டி. மூடியின் ஒரு மூலை இல்லை. உள்ளே பொம்மைகளைச் சுற்றிய பழைய வேட்டி பஞ்சாகிக் கிடக்கிறது. அதில் குழிவாக ஒரு கூடு. பக்கத்தில் பிள்ளையார். காலடி மூஞ்சூறு முழுசாக இருக்கிறது.

உடைந்த ஓடு ஒன்று கீழே இறங்குகிறது. அடியில் பாசல் மிஷன் அச்சு, 1865. மங்களூரில் அவர்கள் ஓட்டாலை தொடங்கிய வருஷம். வீட்டுக்கே அந்த வயசு என்கிறார் பெரியவர். கொத்தனார் சிமெண்டைக் குழைக்கிறார்.

சின்ன ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், மேலே சிமெண்ட். பெரியவற்றுக்குக் கால் அங்குலக் கம்பி வலை. பெரியம்மா தன் கம்பி நாரை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறார்.

ஓட்டைத் தொடும் மாங்கிளையைக் கொத்தனார் காட்டுகிறார்.

"காய் முடியட்டும்."

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. அதையும் அடைத்தால் உள்ளே இருப்பது உள்ளேயே செத்து நாறும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி, தளர்வாகச் செருகிவிட்டுப் போகிறார்.

மறுநாள் தாள் முற்றத்தில் கிடக்கிறது. உள்ளிருந்து வெளியே. புதுத் தாள். அடுத்த நாள் மச்சுக்குள் கிடக்கிறது. வெளியிலிருந்து உள்ளே. புதுத் தாள். மறுபடி முற்றம். கொத்தனார் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் பெரியவர் திண்ணையிலிருந்தே கையை விரிக்கிறார்.

பிறகு மூன்று காலை தாள் அசையவில்லை. கடைசி வட்டத்தின் மேல் கரணை இரண்டு முறை இழுபடுகிறது.

ராத்திரி. அடுக்களை விளக்கை அணைக்கும் முன் பெரியம்மா அரிசிப் பானையை மூடுகிறார். மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைக்கிறார்.